கதிரையோடு வந்த மனேச்சர்

சைக்கிள் கரியரிலிருந்து கதிரையை அவிழ்த்து, நடுக்கோடு முடியும் இடத்திலிருந்து ஏழு காலடி பின்னால் நடந்து, ஞானப்பிரகாசம் அதை விரிக்கிறார். நான்கு காலையும் தனித்தனியே அழுத்திப் பார்க்கிறார். ஒரு கால் மண்ணில் புதைந்தால் அதற்கு ஓட்டுத்துண்டு ஒன்று கொடுக்கிறார். அந்த ஓட்டுத்துண்டும் அவருடைய சட்டைப்பையில்தான் வருகிறது. பிறகு தொப்பியை ஒரு முறை அழுத்திவிட்டு உட்காருகிறார். அதுவரை பதினொரு பேரும் மைதானத்தில் கால் மாற்றி நின்றுகொண்டிருக்க வேண்டும். அவர் இருந்த பிறகுதான் பந்து உருளும். பயிற்சி ஆட்டத்துக்கும் இதே சட்டம்தான்.

"நிண்டுகொண்டு பார்க்கிறவன் சனம். இருந்து பார்க்கிறவன் மனேச்சர்" என்பது அவருடைய கட்சி.

மரச்சட்டமும் பழைய வள்ளத்துப் பாய்க் கித்தானும் கொண்டு முல்லைத்தீவுக் கரையில் தச்சனிடம் சொல்லிச் செய்வித்த மடக்குக் கதிரை அது. வானத்தில் குண்டுவிமானத்தின் இரைச்சல் கேட்டால் எங்கள் ஊரில் ஆட்டம் நிற்கும். ஆடுபவர்களும் பார்ப்பவர்களும் ஓடிப்போய் வாய்க்காலுக்குள் படுப்பார்கள். ஞானப்பிரகாசமும் படுப்பார். ஆனால் முதலில் கதிரையை மடக்கி உள்ளே இறக்கிவிட்டுத்தான் தான் இறங்குவார். இரைச்சல் போனதும் மறுபடி ஏழு காலடி, மறுபடி ஓட்டுத்துண்டு.

வளர்பிறை விளையாட்டுக் கழகம் ஸ்கந்தபுரத்திலிருந்து இரண்டு மைல் உள்ளே இருக்கிறது. மலையகத் தோட்டங்களை விட்டு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள்தான் ஆட்டக்காரர்கள். காலையில் மிளகாய்க்குத் தண்ணீர் கட்டிவிட்டு மாலையில் உதைபந்து. கழகத்தில் ஒரே ஒரு பந்து. அதன் வயிற்றுக்குள் சைக்கிள் ரியூப்பில் ஒட்டுப்போட்ட பை. மேல்தோலில் வலை நூலில் போட்ட தையல். அந்தத் தையலைப் போட்டவர் யார் என்று கேட்கத் தேவையில்லை. கேட்காவிட்டாலும் அவர் சொல்லுவார்.

நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் எழுதுவினைஞன். ஆட்ட முடிவை வாசிகசாலைக் கரும்பலகையில் எழுதிப் போடுவதும் என் வேலை. காலை ஏழு மணிக்கு ஞானப்பிரகாசம் வந்து பலகையை வாசிப்பார். ஒரு விரலை வைத்துக்கொண்டு தன் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று பார்ப்பார். "நல்லாத்தான் எழுதியிருக்கிறீர் தம்பி. ஆனால் கடைசியில ஒருக்கா என்ர பேர் வந்திருந்தால் முடிவு எடுப்பா இருந்திருக்கும்" என்பார். நான் வெண்கட்டியை எடுத்துச் சேர்த்துவிடுவேன். மனுசன் கேட்கிற ஒரே சம்பளம் அதுதான்.

ஐம்பத்திரண்டு வயது. கடலில் கரைவலைக் கயிறு இழுத்து உரமேறிய கை. வெளிறிய நீலத்தொப்பி ஒன்று. அதைக் கழற்றி அவரை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன்பு இங்கே வந்தபோது அவர் கொண்டுவந்தவை ஒரு கதிரை, ஒரு விசில், இரண்டு கோல் வலை, ஒரு மனைவி. வரிசை அவர் சொன்ன வரிசை. மனைவி புனிதமலர் ஆசிரியை. "எனக்கு வந்தது ட்றான்ஸ்பர். இவருக்கு வந்தது கோவம். ரெண்டும் ஒரே கிழமையில வந்தபடியால் ஒண்டா வந்து சேர்ந்தனாங்கள்" என்று என்னிடம் சொன்னவர் அவர்தான்.

கோபத்தின் கதை இது. கரையில் கடற்சுடர் என்ற கழகத்துக்குப் பதினொரு வருடம் ஞானப்பிரகாசம் முகாமையாளராக இருந்தார். அவருடைய கோல் காப்பாளர் அலோசியஸ், தங்கையின் கணவர். ஒரு நாள் பொதுக்கூட்டத்தில் பையன்கள் எழுந்து நின்று, இனி அலோசியஸ் மனேச்சராக இருக்கட்டும் என்றார்கள். கை உயர்த்திப் பார்த்ததில் அலோசியசுக்குப் பத்தொன்பது, இவருக்கு ஏழு. ("அந்த ஏழில ஒரு கை இவரின்ர" என்கிறார் புனிதமலர்.) அன்று மாலையே ஞானப்பிரகாசம் மைதானத்துக்குப் போய், தன் கையால் பின்னிய இரண்டு வலைகளையும் கோல்களிலிருந்து கழற்றிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். இரண்டு மாதம் கடற்சுடர் வெறும் கம்பங்களுக்கு நடுவே விளையாடியது. பிறகு அலோசியஸ் புது வலை பின்னினார்.

"அவன் பின்னினதும் ஒரு வலையோ? அவன்ர முடிச்சு பனி பட்டாலே இளகும்" என்பார் ஞானப்பிரகாசம். "என்ர வலையால நெத்தலியும் போகாது." இந்த நெத்தலி வசனத்தை ஒன்றரை வருடத்தில் நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று எண்ணவில்லை. ஊரே கேட்டது. ஊர் கடந்து கரைக்கும் போய்ச் சேர்ந்தது. வன்னியில் பெற்றோல் இல்லாவிட்டாலும் கதைக்குத் தட்டுப்பாடு வந்ததில்லை.

இங்கே கடல் இல்லை. குளம் இருக்கிறது. "தேத்தண்ணிக் கோப்பைக்குள்ள மீன் பிடிக்கச் சொல்லுறியளோ?" என்று அந்தப் பக்கமே போக மாட்டேன் என்கிறார். ஆகவே பகலெல்லாம் மனைவியின் வீட்டுத்தோட்டத்தில் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நாலு மணியாவதற்குக் காத்திருப்பார். மூன்றரைக்கே கதிரை கரியரில் ஏறிவிடும்.

அவர் வருவதற்கு முன்பு எட்டு வருடம் வளர்பிறைக்கு முகாமையாளராக இருந்தவர் முத்துலிங்கம். மெலிந்த, சத்தம் போடாத மனிதர். மைதானத்தின் மேற்குக் கோலுக்குப் பின்னால் இருக்கும் மிளகாய்த் தோட்டம் அவருடையது. கரையிலிருந்து பேர்பெற்ற மனேச்சர் வந்திருக்கிறார் என்றதும் கழகம் அவரை உதவி மனேச்சர் ஆக்கியது. உதவி மனேச்சருக்குக் கதிரை கிடையாது. ஞானப்பிரகாசத்தின் கதிரைக்குப் பின்னால் நிற்பார்.

நிற்பதுதான் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் மைதானத்துக்கு வடக்கே வாய்க்கால், தெற்கே வீதி. எங்களுக்கு இந்த விலாசம் போதும். ஞானப்பிரகாசத்துக்கோ வடக்கு என்றால் வாடை, தெற்கு என்றால் சோளகம். வள்ளத்தின் முன்பக்கத்தை அணியம் என்பார்களாம். அதனால் முன்னுக்கு என்பதும் அணியம். "பாலன், வாடையால வா! வந்து அணியத்துக்குப் போடு!" என்று கதிரையிலிருந்து முழங்குவார். முன்வரிசையில் ஆடும் பாலன் கதிரையைப் பார்க்க மாட்டான். கதிரைக்குப் பின்னால் பார்ப்பான். "வாய்க்கால் பக்கமா வந்து முன்னுக்குப் போடுப்பா" என்று முத்துலிங்கம் சொல்லுவார். பந்து உடனே சொன்ன இடத்துக்குப் போகும். ஞானப்பிரகாசம் திருப்தியோடு தொப்பியை அழுத்துவார். "பார்த்தியளே, ஒரு சொல்லில விளங்குது பொடியளுக்கு!"

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்: அவருக்கு ஆட்டம் தெரியும். கரைவலை இழுப்பதைப் போல் இரண்டு ஓரமும் ஒன்றாக முன்னேற வேண்டும் என்று, மைதானத்தின் குறுக்கே உண்மையான கயிற்றைப் பிடிக்கவைத்து ஒரு மாதம் நடக்கவிட்டார். "ஒரு பக்கம் முந்தினால் மீன் மற்றப் பக்கத்தால போயிடும்." பையன்கள் சிரித்தார்கள். பிறகு கண்டாவளைக்காரரை மூன்றுக்கு ஒன்று என்று வென்றபோது சிரிப்பை நிறுத்தினார்கள். முத்துலிங்கம் அன்று என் பக்கத்தில் நின்று சொன்னார்: "அண்ணே கெட்டிக்காரருங்க. அதுல ஒரு சந்தேகமும் இல்ல." பிறகு குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டு, "எட்டு வருசம் நின்னேன், கால் வலிச்சதே இல்லீங்க. இப்பத்தான் வலிக்குது. கதிரையப் பாத்துக்கிட்டே நிக்கிறதால போல" என்றார்.

கழகத்தின் பத்தாவது ஆண்டு நிறைவுக்கு ஓர் ஆட்டம் வைப்போம் என்று இந்த வருடம் தீர்மானமானது. யாரைக் கூப்பிடலாம் என்ற கேள்வி முடியும் முன்பே ஞானப்பிரகாசம் எழுந்துவிட்டார். கடற்சுடருக்கான அழைப்புக் கடிதத்தைத் தானே ஐந்து தரம் எழுதிக் கிழித்து, ஆறாவதை அனுப்பினார். அதோடு விட்டாரா? நிறைந்த கூட்டத்தில், "கடற்சுடரிட்டத் தோத்தால் அண்டைக்கே கதிரையை மடக்கிப்போடுவன். பிறகு முத்துலிங்கம்தான் மனேச்சர். கூட்டக் குறிப்பில எழுதுங்கோ" என்றார். எழுதினார்கள். முத்துலிங்கம் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று புனிதமலர் சங்கக்கடைக்குச் சீனி வாங்க வந்தவர், வாங்காமலே நின்றார். "கடலும் இல்லை, ஆக்களும் இல்லை. அந்த மனுசனுக்கு மிச்சமாக் கிடந்தது பின்னேரம் ஒண்டுதான். அதையும் கொண்டுபோய்ப் பந்தயம் வைச்சுப்போட்டு வந்து சோறு கேக்கிறார்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் கலக்கம் குரலில் இருந்தது.

ஆட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் ஞானப்பிரகாசத்தை மலேரியா பிடித்தது. வழக்கமாக ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும் வலைகளைத் தானே கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூவரசங் கிளைகளில் காற்றாடத் தொங்கவிடுவார். இந்தத் தடவை அது முத்துலிங்கத்தின் பொறுப்பானது. முத்துலிங்கம் மரியாதை தெரிந்த விவசாயி. அண்ணனின் வலைகளை நாலாக எட்டாக மடித்து, தன் வீட்டில் ஆகப் பத்திரமான இடத்தில், நெல்மூட்டை அடுக்கிய அறையில், இரண்டு மூட்டைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினார். நெல் இருக்கும் இடத்தில் வேறு யார் குடியிருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் எலிக்கு நைலோன் நூலில் என்ன ருசி என்று நினைத்துவிட்டார்.

ஆட்டத்தன்று கடற்சுடர் உழவு இயந்திரம் இழுத்து வந்த பெட்டியில் வந்து இறங்கியது. விடியும் முன் புறப்பட்டதாம். ஆனாலும் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முந்திவிட்டார்கள். காய்ச்சல் விட்டு முகம் சுருங்கிப்போயிருந்த ஞானப்பிரகாசம் அப்போதுதான் மேற்குக் கோலில் வலை கட்டத் தொடங்கியிருந்தார்.

"அண்ணே, ஒருக்கா விரிச்சுப் பாத்திருவமே" என்றார் முத்துலிங்கம்.

"என்ர வலையை எனக்கே காட்டப்போறியோ? கண்ணை மூடிக்கொண்டு கட்டுவன்."

மூடவில்லை. ஆனால் மூடியதற்குச் சமம். பெட்டியிலிருந்து இறங்கி அலோசியஸ் வந்துகொண்டிருந்தார். ஞானப்பிரகாசம் நாடியை உயர்த்தி, பார்வையை அவர்மீதே வைத்துக்கொண்டு, விரல்களை மட்டும் ஓடவிட்டு முடிச்சுப் போட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு தரம்கூட வலையைப் பார்க்கவில்லை.

"சுகமே, ஞானம்?" என்றார் அலோசியஸ்.

"கதிரையில இருந்து கொண்டு என்ன வருத்தம்?" என்றார் இவர். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு மச்சான்மார் பேசிய பேச்சு இவ்வளவுதான்.

முதற் பாதியில் கடற்சுடர் ஒரு கோல் போட்டது. இடைவேளையில் எல்லோருக்கும் சப்பக் கொடுத்த தேசிக்காய்த் துண்டை ஞானப்பிரகாசம் தொடவில்லை. இரண்டாம் பாதியில் எங்கள் பையன்கள் மேற்குப் பக்கம் நோக்கி ஆடினார்கள். ஆடினார்கள் என்றால், கயிறு பிடித்துப் பழகிய அதே சீரில், இரண்டு ஓரமும் ஒன்றாக. ஆனாலும் பந்து உள்ளே போகவில்லை. கதிரையிலிருந்து வாடையும் சோளகமும் மாறி மாறி வந்தன; பின்னாலிருந்து வாய்க்காலும் வீதியும் வந்தன. கடைசி ஐந்து நிமிடம் ஆனதும் கதிரையிலிருந்து சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். கதிரையின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பாலன் வாய்க்கால் பக்கமாக வந்து, வலது மூலைக்குத் தரையோடு தரையாக அடித்தான். புழுதி கிளம்பியது. பந்து முத்துலிங்கத்தின் மிளகாய்த் தோட்டத்துக்குள் போய் நின்றது. பாலன் கையை உயர்த்திக்கொண்டு ஓடினான். நடுவர் கனகலிங்கம் மாஸ்டர் பின்தங்கி ஓடிவந்தவர், பந்து கிடந்த இடத்தைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், வெளியே போய்விட்டது என்று கையைக் காட்டினார்.

பையன்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். மாஸ்டர் அமைதியான மனிதர். "உள்ளுக்கால போயிருந்தால் வலை பிடிச்சிருக்கும். ஞானப்பிரகாசத்தாரின்ர வலையால நெத்தலியும் போகாதெண்டு உங்கட மனேச்சர்தானே ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறவர்? பந்து எப்பிடியடா போகும்?" என்றார். சனம் சிரித்தது. கடற்சுடரின் பக்கத்திலிருந்து அலோசியஸ், "ஓம் மாஸ்டர், அந்த வலையை நாங்கள் அறிவம்! அதால போகாது!" என்று கத்தினார்.

முத்துலிங்கம் அதற்குள் கோலுக்கு ஓடிப்போய்த் திரும்பி ஓடிவந்திருந்தார். கதிரைக்குப் பக்கத்தில் குந்தி, "அண்ணே, கீழ வலது பக்கம் ஓட்டை. எலி. நெல்லறையில வச்சேங்க. எல்லாம் என் பிழை. நான் போய் மாஸ்டர்கிட்டச் சொல்லவா?" என்றார்.

அவர் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் ஐந்து நிமிடத்தில் மனேச்சராகியிருப்பார். அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஞானப்பிரகாசத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் முத்துலிங்கத்தின் முகத்தைக் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்தார். ஆட்டம் நடக்கும்போது அவர் எழுந்து நாங்கள் கண்டதில்லை. கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கி, கடற்சுடர் ஆட்கள் எல்லோரும் பார்த்திருக்க, நேரே மேற்குக் கோலுக்கு நடந்தார். வலைக்குப் பின்னால் போனார். முழங்காலில் இருந்தார். மடிப்புகளை விலக்கி, ஓட்டையைக் கண்டுபிடித்து, தலையை அதற்குள் நுழைத்தார். தொப்பி நூலில் மாட்டிப் பின்னாலேயே தங்கிவிட்டது. முழு மொட்டைத் தலை ஒன்று கோலுக்குள் வந்து வெயிலில் மினுங்கியது.

"ஓட்டை, மாஸ்டர்! என்ர வலையில ஓட்டை!" என்று அங்கிருந்தபடியே கத்தினார். "தலை போகுது. பந்து போகாதோ?"

மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. பின்னால் ஓடிவந்த முத்துலிங்கம், "எலிங்க மாஸ்டர், என் வீட்டு எலி…" என்று தொடங்கினார். ஞானப்பிரகாசம் தலையை வெளியே எடுக்காமலே, "நீ சும்மா இரு. கட்டினது நான். பார்க்காமல் கட்டினதும் நான்" என்றார்.

கனகலிங்கம் மாஸ்டர் அலோசியசைப் பார்த்தார். அலோசியஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோல்தான் மாஸ்டர், குடுங்கோ. ஞானம் தன்ர வாயால பிழை எண்டு சொல்லி நான் இண்டைக்குத்தான் கேட்டனான். அதுக்கே ஒரு கோல் குடுக்கலாம்" என்றார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. தோற்றால்தான் கதிரையை மடக்குவதாகக் கூட்டக் குறிப்பு. சமநிலைக்கு ஒன்றும் எழுதப்படவில்லை. போகும்போது அலோசியஸ், "அடுத்த முறை எங்கட பக்கம் வா. என்ர முடிச்சையும் பார்" என்றார். "வாறன். ஊசியும் கொண்டு வாறன், தேவைப்படும்" என்றார் ஞானப்பிரகாசம். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. ஆனால் கையைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார்கள்.

உழவு இயந்திரம் போன பிறகு, ஓட்டை என்ற சொல்லைப் பலகையில் எழுதலாமா என்று கேட்க மைதானத்துக்குப் போனேன். தொப்பி தலைக்குத் திரும்பியிருந்தது. கோலுக்குள் வெறும் நிலத்தில் சம்மணமிட்டு, ஓட்டையை மடியில் விரித்து வைத்துப் பின்னிக்கொண்டிருந்தார். நூற்கட்டையைப் பிடித்துக்கொண்டு முத்துலிங்கம் பக்கத்தில் நின்றார்.

"எழுதும். பெரிசா எழுதும்" என்றார். "ஓட்டையைக் கண்டுபிடித்தவர் மனேச்சர் ஞானப்பிரகாசம் எண்டு எழுதும்."

சரி என்றேன். அவர் இரண்டு வலைக்கண் பின்னினார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "முத்துலிங்கம், உந்தக் கதிரையை எடுத்துப் போட்டு இரு. நிண்டுகொண்டு வெளிச்சத்தை மறைக்கிறாய்" என்றார்.

வெயில் மிளகாய்த் தோட்டத்துப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. முத்துலிங்கத்தின் நிழல் மைதானத்தில் நீளமாக விழுந்து கிடந்தது, வலையில் விழவில்லை. அவர் கதிரையைக் கொண்டுவந்து விரித்து, நுனியில் பாதியாக உட்கார்ந்தார். கதிரை ஒரு பக்கம் சரிந்தது.

ஞானப்பிரகாசம் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து ஓட்டுத்துண்டை எடுத்து, எட்டிக் குனிந்து, புதைந்த காலுக்குக் கீழே வைத்தார்.